ஹேஸல்கோமிலிருந்து நாலு பக்கம்

தான் எழுதிய ஆங்கிலக் கடிதத்துக்குப் பதில் வராமல் போனதாகச் சரித்திரமே கிடையாது என்பது தியாகராசாவின் கட்சி. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவர். அங்கே படித்த ஆங்கிலத்தை அப்படியே மடிப்புக் குலையாமல் மொன்றியலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். கோட்-டெ-நெய்ஜில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளாக வேலை. குப்பை கட்டுவது, வாசல் பனியை வழித்து உப்புத் தூவுவது, எரிந்துபோன பல்பை மாற்றுவது. ஆனாலும் குப்பையைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்று ஒரு துண்டு ஒட்டுவதென்றாலும் 'இத்தால் சகலருக்கும் பணிவுடன் அறியத்தருவது யாதெனில்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினால்தான் அவருக்கு மனம் ஆறும். கீழே பிரெஞ்சில் மகள் சாம்பவி எழுதுவாள். அவள் எழுதுவது ஒரே வரி. சனங்கள் அதைத்தான் வாசித்தார்கள் என்பது வேறு கதை.

சாம்பவிக்கு இருபத்தொன்பது வயது. வில்லரேயில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதின்மூன்று வயதில் வந்தவள், பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள், பிரெஞ்சில்தான் சிரிப்பாள். கலியாணம் என்று பதினொரு இடம் வந்து பதினொன்றும் போய்விட்டன. ஒன்றில் சாதகம் பொருந்தவில்லை, ஒன்றில் பெண் கொஞ்சம் உயரம், ஒன்றில் பையனே ஓடிவிட்டான். தாய் இந்திராதேவி தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க மிதித்துவிட்டு வீங்கிய காலோடு வந்து, சாமிப் படத்துக்கு முன் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். சாமியும் கச்சேரி மாதிரித்தான், பதில் போடவில்லை.

2004 தை மாதம், பன்னிரண்டாவது இடம் வந்தது. கொண்டுவந்தவள் தியாகராசாவின் சித்தப்பா மகள் யோகராணி. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறவள்.

"அண்ணை, லண்டன் மாப்பிள்ளை. பேர் பிரணவன். ஒரே பிள்ளை. தேப்பன் விமலநாதன், அளவெட்டிப் பக்கம். சொந்தக் கடை, அதுக்குள்ளேயே தபால் கந்தோரும் இருக்கு."

"லண்டனிலை எவடம்?"

"லண்டன் எண்டால் லண்டன் இல்லை. ரெயினிலை போய், பேந்து பஸ்ஸிலை போய்... ஒரு நாலு மணித்தியாலம் வரும். ஹேஸல்கோம் எண்டு ஒரு சின்ன ஊர். அப்பிடி ஒரு வடிவான ஊர், அண்ணை. படத்திலைதான் காணலாம்."

இங்கிலாந்தில் எந்த மூலையில் இருந்தாலும் நம்மவர்களுக்கு அது லண்டன்தான். ஆகவே அன்றிரவே 'லண்டன் மாப்பிள்ளை' என்று வீட்டில் பேர் விழுந்துவிட்டது.

தியாகராசா விசாரிக்கத் தொடங்கினார். நம்மவர் கலியாணம் விசாரிப்பதை ஒருதரம் பார்க்கவேண்டும், உளவுத்துறையே வந்து பாடம் படிக்கலாம். மூலைக் கடையில் தொலைபேசி அட்டை அட்டையாக வாங்கி அளவெட்டிக்கு எடுத்தார், கொழும்புக்கு எடுத்தார், ஒஸ்லோவில் இருக்கிற பழைய கச்சேரி நண்பருக்கு எடுத்தார். மூன்று கிழமையில் பிரணவனுடைய பூட்டன் வரைக்கும் போய்த் திரும்பினார். பாட்டன் தலைமை வாத்தியார், கோயில் தேர்த்திருவிழா அவர்கள் பகுதி. பெரியப்பா நில அளவையாளர். பேத்தி முறையான ஒருத்தி மட்டும் எங்கேயோ சாதி மாறிக் கட்டியிருக்கிறாள், அவளும் இப்போது அவுஸ்திரேலியாவில், பாதகமில்லை. எல்லாம் எங்கட ஆக்கள்தான் என்று தியாகராசா தீர்ப்புச் சொன்னார்.

சாம்பவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினாள்.

"அப்பா, நீங்கள் செத்த ஆக்களை எல்லாம் விசாரிச்சு முடிச்சிட்டியள். உயிரோடை இருக்கிற ஆளை ஆர் விசாரிக்கிறது?"

"அந்த ஊரிலை எங்கட ஆக்கள் ஒரு குடும்பமும் இல்லையே பிள்ளை. இவை மட்டுந்தான். ஆரைக் கேக்கிறது?"

"ஏன், அங்கை மனுசர் இல்லையோ?"

"வெள்ளையளிட்டைப் போய்க் கலியாண விசயம் கேக்கிறதே?"

"ஓம். அவையிட்டைக் கேளுங்கோ. தினம் கடைக்கு வந்து போற ஆக்களுக்குத்தான் அவரைத் தெரியும். அவை நல்லது எண்டு சொன்னால் நான் ஓம் எண்டுறன். இல்லாட்டி இல்லை. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

அவள் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, பெரிய மண்டபம் கேட்கவில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், பின்னால் யாரும் மறந்துவிடக் கூடாது.

விலாசம் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய், சாதகத்தோடும் படத்தோடும் ஹேஸல்கோம் ஊர்க் கலண்டர் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். ஊர் மண்டபத்துக் கூரையைத் திருத்துவதற்காக ஊராரே படமெடுத்து அச்சடித்து விற்கிற கலண்டர். இந்திராதேவி அதைக் குசினியில் மாட்டியிருந்தாள். தை மாதத்தில் தேவாலயத்தின் கூரையில் பனி. பங்குனியில் குளமும் அதில் நீந்துகிற தாராக் குஞ்சுகளும். வைகாசியில் கம்பத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைகள். ஆனியில் கிரிக்கெட். ஆடியில் வெருளிப் போட்டி: வீட்டுக்கு வீடு வைக்கோல் பொம்மை செய்து வாசலில் இருத்தி, பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் சனம் வருமாம். ஆவணியில் பூக் கண்காட்சி, அதில் ஒருவர் தன் பிள்ளையைத் தூக்குவது போல ஒரு பூசணியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். புரட்டாதியில் கற்பாலமும் அதன் பக்கத்தில் தேநீர்க் கடையும்.

மார்கழிப் படம்தான் முக்கியம். விளக்கு அலங்காரத்தோடு விமலநாதனின் கடை. நத்தார்த் தாத்தா தொப்பியோடு விமலநாதன், சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்ட மனைவி, பின்னால் கதவு நிலையில் ஒரு பையன். இரண்டு பேரும் கமராவைப் பார்க்கிறார்கள், பையன் வேறெங்கோ பார்க்கிறான்.

"அடக்கமான பிள்ளை. கமராவைக்கூட நிமிந்து பாக்கேல்லை" என்றாள் இந்திராதேவி.

கலண்டரின் பின்னட்டையில், மேலதிகப் பிரதிகளுக்கு எழுதவேண்டிய முகவரி இருந்தது. மிஸ் எடித் கார்லண்ட், ஊர் மண்டபக் குழுச் செயலாளர். செயலாளர் என்ற சொல்லைக் கண்டதும் தியாகராசாவுக்கு உயிர் வந்தது. ஒரு செயலாளருக்கு எழுதுவதென்றால் அது விண்ணப்பம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு இரவு இருந்து எழுதினார். கேட்பதற்கு முன் புகழவேண்டும் என்பது கச்சேரி முறை. ஆகவே முதல் இரண்டு பக்கமும் குளம், தாரா, தேவாலயம், பூசணி. மூன்றாம் பக்கத்தில் இலக்கமிட்டு மூன்று கேள்வி. ஒன்று, கடை சொந்தமா? இரண்டு, பையனுக்குக் குடி, புகை உண்டா? மூன்று, குடும்பத்தின் பொதுவான நடத்தை எப்படி? உடம்புக்கு, மனதுக்கு எப்படி என்று கேட்கவில்லை. அதைச் சாதகம் பார்த்துச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தார்.

பதில் பங்குனி நடுவில் வந்தது. வாசலில் உப்புத் தூவிக்கொண்டு நின்றவரிடம் தபால்காரர் நேரே கையில் கொடுத்துவிட்டுப் போனார். மெல்லிய நீலத் தாள், நாலு பக்கம், பழைய பள்ளி ஆசிரியையின் சரிந்த எழுத்து. கனடாவில் ஒருவர் எங்கள் பூசணியைப் பாராட்டினார் என்று ஊர்க் கூட்டத்தில் வாசித்தார்களாம். மண்டபத்துக் கூரை பாதி முடிந்துவிட்டதாம். தேவாலயத்து மணிகள் எட்டும் நானூறு வருடப் பழசாம், ஆளுக்கு ஒன்றாக அடிக்க எட்டுப் பேர் வேண்டும், இப்போது ஆறு பேர்தான் இருக்கிறார்களாம். இப்படியே இரண்டரைப் பக்கம். தியாகராசா ஈரச் சப்பாத்தோடு நின்றபடியே வாசித்துச் சிரித்தார். எனக்குப் பதில் போடாத ஆள் இல்லை!

மூன்றாம் பக்கத்தின் அடியில் பையன் வந்தான்.

கடை அவர்களுடையதுதான், ஊருக்கே அது உயிர். பிரணவன் தங்கமான பையன். எங்கள் கிரிக்கெட் அணியில் ஐந்தாவது ஆளாக இறங்குவான். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. போன வசந்தத்தில் அவனுடைய மனம் குலைந்துபோனபோது ஊரே கலங்கியது. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது வீட்டில் மருந்தோடு மெல்ல மெல்லத் தேறிவருகிறான். அவனுக்கு ஒரு துணை வருவதானால் அவள் எல்லாம் அறிந்து, பொறுமையோடு வருகிறவளாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மறுபடியும் தாராக் குஞ்சுகள்.

தியாகராசா அதை மூன்று தரம் வாசித்தார். கொதிகலன் அறைக்குப் போய், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து நாலாம் தரமும் வாசித்தார். விளங்கவில்லை என்று சொல்ல இடமே இல்லை. இருபத்திரண்டு வருடம் ஆங்கிலக் கோப்புப் பார்த்தவருக்கு இந்த ஆங்கிலமா விளங்காது? தாளை எடுத்து இரண்டாவது கடிதம் ஒன்று தொடங்கினார். 'மேற்குறித்த நோய் சம்பந்தமாக மேலதிக விபரங்களைத் தந்துதவினால்' என்பது வரை வந்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகாத மனுசன் ஆர், என்று தனக்கே சொன்னார். ஊரில் எத்தனை பேருக்கு இப்படி வந்து கலியாணம் கட்டினபிறகு மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். மாறாதவர்களை எண்ணவில்லை. இதுவும் போனால் பன்னிரண்டு என்று நினைத்தார். தொடங்கின தாளை நாலாகக் கிழித்துக் குப்பைப் பைக்குள் போட்டார். அந்தக் கட்டடத்தில் குப்பை கட்டுவது அவர்தானே, யாருக்கும் தெரியவராது.

தெரியாமல் பிழைவிடுகிறவன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இவர் தெரிந்துகொண்டு, அதைத் தெரியாததாக்கினார்.

பின்னேரம் இந்திராதேவி படியில் ஒரு காலும் சுவரில் ஒரு கையுமாக ஏறிவந்து, கோட்டைக் கழற்றுமுன்னே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பதில் வந்ததோ?"

அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கல்லும் ஓம் என்று சொல்லியிருக்கும். தியாகராசா கடிதத்தை எடுத்தார். சாம்பவியும் வந்து மேசையில் இருந்தாள். அவர் ஒரு வரி ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார், ஒரு வரி ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார். கூரைக்கு இந்திராதேவி சந்தோசப்பட்டாள், ஆறு பேர் மணி அடிப்பதற்குச் சாம்பவி சிரித்தாள். கோப்பிலிருந்து எது மேலதிகாரியின் மேசைக்குப் போகவேண்டும், எது போகக்கூடாது என்று பிரித்தெடுப்பதுதான் கிளாக்கரின் தொழில். "குடிப்பதில்லை, புகைப்பதில்லை" என்றார் தியாகராசா. அடுத்த மூச்சில், "தாராக் குஞ்சுகள் இந்த வருசம் பதினாலு" என்றார். குரல் தடக்குப்படவே இல்லை.

"அவரைப் பற்றி அவ்வளவுந்தானோ அப்பா?"

"அவ்வளவுந்தான்."

"நாலு பக்கத்திலை இவ்வளவுந்தானோ?"

"வெள்ளையள் உப்பிடித்தான் பிள்ளை. அடுத்தவன்ரை விசயம் கதைக்காதுகள். ஆனால் நல்ல பெடியன் எண்டு எழுதியிருக்கிறா. தங்கமாம். தங்கம் எண்டுதான் எழுதியிருக்கு."

சாம்பவி கொஞ்ச நேரம் கலண்டரைப் பார்த்தாள்.

"சரி அப்பா. நான் ஓம்."

கடிதத்தைத் தா என்று அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று தியாகராசா பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் கேட்கவில்லை. அப்பா வாசித்தால் போதும் என்று இருந்துவிட்டாள். மறுநாள் அவர் மிஸ் கார்லண்டுக்குப் பதில் போட்டார். மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா? 'தங்களது ஒன்பதாம் திகதிக் கடிதம் கிடைத்தது. விடயங்கள் யாவும் கவனத்தில் எடுக்கப்பட்டன. மிக்க நன்றி.'

கலியாணத்துக்கு முன் பிரணவனும் சாம்பவியும் மூன்று தரம் தொலைபேசியில் கதைத்தார்கள். என்ன கதைச்சனியள் என்று தாய் கேட்டால், தாராவைப் பற்றி என்பாள். ஆனியில் விமலநாதன் குடும்பம் மொன்றியலுக்கு வந்து, வில்லரேயில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல நிறம், நல்ல உயரம், யாரிடமும் ஒரு சொல் அதிகம் இல்லை. தாலி கட்டும்போது கை நடுங்கியது. தாய் பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கம் என்றார்கள் சனங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு குளிசை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"விற்றமின்" என்றாள் பக்கத்திலிருந்த இந்திராதேவியிடம்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவளின் கண்ணும், எதிரே பந்தியில் நின்ற தியாகராசாவின் கண்ணும் சந்தித்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள். அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள், பெண் வீட்டுப் பக்கத்தில் விசயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

புரட்டாதியில் விசா வந்து சாம்பவி ஹேஸல்கோமுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்துக் கடைக் கதை சொல்லுவாள். விடிய ஐந்தரைக்குப் பேப்பர் கட்டு வரும், பிரித்து அடுக்கவேண்டும். கோடையிலும் விடுமுறையிலும் பஸ் பஸ்ஸாகச் சனம் ஊர் பார்க்க வரும், கற்பாலத்தில் நின்று படம் எடுக்கும், கடைக்கு வந்து தபாலட்டை வாங்கும், எவ்வளவு கொடுத்துவைத்தவள் நீ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறும். மூன்று மணிக்குப் பிறகு ஊரில் ஒரு சத்தமும் இருக்காது.

"அவர் எப்பிடிப் பிள்ளை?" என்பாள் இந்திராதேவி.

"இருக்கிறார்."

ஒரு ஞாயிறு, பிரான்சிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள் என்று சொன்னாள். கடையை மாமியிடம் விட்டுவிட்டு அவர்களோடு பாலத்தடியில் ஒரு மணித்தியாலம் நின்று பிரெஞ்சு கதைத்தாளாம். "அவை போனாப்பிறகு அழுதுபோட்டன் அம்மா. ஏனெண்டு தெரியேல்லை" என்றாள். புது இடம், பழகிவிடும் என்றார் தியாகராசா. மார்கழியில் அடுத்த வருடக் கலண்டர் வந்தது. பழையதைக் கொதிகலன் அறையில் மாட்டினார். யார் குழாய் ஒழுகுகிறதென்று சொல்ல வந்தாலும், இது என் மகளின் ஊர் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

2005 வைகாசி. ஞாயிறு காலை. இந்திராதேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது, தியாகராசா எடுத்தார். வழக்கமாக அம்மாவைத்தான் கேட்பாள், அன்று கேட்கவில்லை.

"அப்பா, மிஸ் கார்லண்டின்ரை லெட்டர் வைச்சிருக்கிறியளோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கச்சேரிக்காரன் கோப்பை எறியமாட்டான் என்று மகளுக்குத் தெரியும்.

"இருக்கு. ஏன் பிள்ளை?"

"எடுத்துக்கொண்டு வாங்கோ. அம்மாவையும் இருத்தி, போனை ஸ்பீக்கரிலை போடுங்கோ."

போட்டார். இந்திராதேவி வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, போன வருடம் இருந்த அதே கதிரையில் இருந்தாள். மகளுடைய கதிரையில் தொலைபேசி இருந்தது.

"அண்டைக்கு வாசிச்ச மாதிரி வாசியுங்கோ அப்பா. வரி வரியா, தமிழிலையும் சொல்லுங்கோ."

"இப்ப என்னத்துக்கு..."

"வாசியுங்கோ."

வாசித்தார். பூசணி, கூட்டம், மண்டபத்துக் கூரை, நானூறு வருட மணி. இந்திராதேவிக்கு ஒன்றும் விளங்காமல், ஆனாலும் பழக்கத்தில் இரண்டொரு இடத்தில் சிரிக்கப் பார்த்தாள். சாம்பவி இந்தமுறை மணிக்கும் சிரிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் அடிக்கு வந்தார். "கிரிக்கெட்டில் ஐந்தாவதாக இறங்குவான். குடிப்பதில்லை, புகைப்பதில்லை" என்றார். அங்கே நின்றார்.

"அடுத்த வரி."

குசினியில் தண்ணீர் சொட்டியது, அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுக் குழாயையும் திருத்துகிறவர் தன் வீட்டுக் குழாயைத் திருத்தவில்லை.

"அடுத்த வரி அப்பா. தாரா இல்லை. அதுக்கு முந்தினது."

தியாகராசா வாசித்தார். போன வசந்தம், மனம் குலைந்தது, நாலு மாதம், ஆஸ்பத்திரி, மருந்து. எல்லாம் அறிந்து வருகிறவளாக இருக்கவேண்டும் என்ற வரி வரைக்கும் வாசித்தார். ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னார், ஏனென்றால் மகள் அப்படித்தான் கேட்டாள்.

இந்திராதேவி எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலால் தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் ஓடாது. ஆனாலும் பார்த்தாள்.

"இந்த வரி அண்டைக்கும் இருந்ததோ?"

அவர் தாளை மடிக்கப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். அண்டைக்கும் இருந்ததோ?"

"இருந்தது அம்மா" என்றாள் சாம்பவி தொலைபேசியிலிருந்து. "வெள்ளிக்கிழமை விடிய அவர் குளத்துக்கை இறங்கிட்டார். கலண்டரிலை பங்குனி மாசத்திலை இருக்குதே, அந்தக் குளந்தான். நான் பேப்பர் பிரிச்சுக்கொண்டு நிண்டனான், காணேல்லை. மிஸ் கார்லண்ட்தான் கண்டு, தானும் இறங்கிக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவ. எழுபத்தாறு வயசு மனுசி. இப்ப பேந்தும் ஆஸ்பத்திரி."

"ஐயோ என்ரை பிள்ளை" என்று இந்திராதேவி கதிரையைப் பிடித்தாள்.

"மாமியும் மாமாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டினம். மிஸ் கார்லண்ட் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவ. தந்துபோட்டு, எல்லாம் தெரிஞ்சும் வந்தனியே, உன்னைப் போலத் துணிஞ்ச பிள்ளையை நான் காணேல்லை எண்டு சொன்னா. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. உன்ரை அப்பாவுக்கு நான் எழுதினனானே, விடயங்கள் கவனத்திலை எடுக்கப்பட்டன எண்டு பதிலும் போட்டவரே எண்டு, அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினவ. உங்கட கையெழுத்து அப்பா. வடிவான கையெழுத்து."

"பிள்ளை, நான் உனக்கு நல்லதெண்டு நினைச்சு..." என்று தொடங்கினார் தியாகராசா. "மாறியிடும் எண்டு நினைச்சன். வா பிள்ளை. நாளைக்கே ரிக்கெற் போடுறன். இஞ்சை வந்திடு."

"வாறதோ நிக்கிறதோ எண்டு நான் யோசிப்பன். அதை நீங்கள் சொல்லவேண்டாம்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நான் அவரிலை பிழை சொல்லமாட்டன். அவர் எனக்குச் சொல்ல வெளிக்கிட்டவர் அப்பா. கலியாணத்துக்கு முதல், மூண்டாந்தரம் கதைக்கேக்கை, என்னைப் பற்றி உமக்கு எல்லாம் தெரியுமோ எண்டு கேட்டவர். அது சொல்லவே அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ? நான் என்ன சொன்னனான் தெரியுமோ?"

தியாகராசா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், எல்லாம் தெரியும், என்ரை அப்பா உங்கட ஊரிலை கடிதம் போட்டு விசாரிச்சவர் எண்டு சொன்னன். பெருமையாச் சொன்னன். அவர் போனிலேயே அழுதவர். சந்தோசத்திலை அழுகிறார் எண்டு நினைச்சன். ஓம், சந்தோசந்தான். எல்லாம் தெரிஞ்சும் ஒருத்தி வாறாள் எண்டு."

குழாய் சொட்டியது. மாடியில் யாரோ நடந்தார்கள்.

"அம்மாவோடை கதைக்கப்போறன்" என்றாள் சாம்பவி. "ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ. இனி நான் எடுத்தால் அம்மா எடுக்கட்டும் அப்பா. நீங்கள் எடுக்கவேண்டாம்."

அவர் பொத்தானைத் தேடுவதற்கு முன் இந்திராதேவியே தொலைபேசியை எடுத்து அமத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அறைக்குள் போனாள். அந்தக் கதவை அவள் ஒருநாளும் பூட்டினதில்லை, அன்று பூட்டினாள். உள்ளே அவள் அழுகிறாளா கதைக்கிறாளா என்று வெளியே சரியாகக் கேட்கவில்லை.

நாலாம் பக்கம் இன்னும் வாசிக்காமல் இருந்தது. அதில் என்ன இருக்கிறதென்று அவருக்கு மனப்பாடம். தாராக் குஞ்சுகள் பதினாலு. வெருளிப் போட்டி ஆடி மாதம் இரண்டாம் கிழமை. உங்கள் மகள் இங்கே வருவாளானால் நீங்களும் கட்டாயம் வரவேண்டும், எங்கள் ஊர் முழுவதையும் நானே உங்களுக்குச் சுற்றிக் காட்டுவேன் என்று மிஸ் கார்லண்ட் எழுதியிருந்தாள். தியாகராசா நாலு பக்கத்தையும் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, கதவு திறக்கட்டும் என்று அந்த மேசையிலேயே இருந்தார்.